தையல்காரம்மா இன்னும் பேசி முடிக்கவில்லை

மேசைமேல் ஒரு மணியையும் மனத்துக்குள் ஒரு கவலையையும் வைத்துக்கொண்டு நடுநாயகமாக வீற்றிருக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே! அவருக்கு வலப்பக்கம், என் பேச்சின் சுருக்கத்தை நான் எழுந்திருக்கும் முன்பே எழுதி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே! இடப்பக்கம், பணித்தளங்களையெல்லாம் சுற்றிப் பார்த்துத் திரும்பியிருக்கும் மேற்பார்வையாளர் அவர்களே! வயதால் மூத்த, வாழ்வால் மூத்த, முன்வரிசை நாற்காலியை எவருக்கும் விட்டுக்கொடுக்காத மூப்பர்களே! பிள்ளையை மடியிலும் பையைக் காலடியிலும் இருத்தி, கூட்டம் முடிந்ததும் பேருந்து கிடைக்குமோ கிடைக்காதோ என்று கணக்குப் போட்டுக்கொண்டே கேட்கும் தாய்மார்களே! மண்டபத்தின் பின்கட்டில், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே ஒலிபெருக்கியில் என் குரலைப் பிடிக்க முயன்றுகொண்டிருக்கும் சமையல் சகோதரிகளே! நாளைக் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத தெருக்களுக்குப் புறப்படப்போகும் இளம் மிஷனெரிகளே! உங்கள் அத்தனை பேருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘சின்ன இலக்கு, பெரிய வளர்ச்சி.’ கொடுத்தவர் செயலாளர். “கொஞ்சம் உற்சாகமாப் பேசுங்க மேடம், பிள்ளைங்க சிரிச்ச முகத்தோட புறப்படணும்” என்றார். நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கிறவள். எதையும் உடனே நம்பிவிடாதே என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மேடைப்பேச்சு என் பழக்கமன்று. வீட்டிலும் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், பின்வரிசையில் ஆச்சரியத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் இன்று பேசப்போகிறேன். கோபமாகப் பேசப்போகிறேன். சிரித்த முகத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். வரும்போது அது என்னிடம் இருந்தது. பக்கத்து அறையில் தேநீர் குடிக்கும்போது பறிபோய்விட்டது.

எப்படிப் பறிபோனது? சொல்கிறேன்.

கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுத் தலைவர் ஐயா மெல்லச் சொன்னார்: “உங்க தங்கச்சி விஷயம் கடைசியில தீர்மானமா வருதும்மா. பணித்தளத்துலேருந்து திருப்பிக் கூப்பிட்டுக்கறோம். தலைமை அலுவலகத்துல பார்சல் கட்டுற பிரிவுல ஒரு இடம் இருக்கு. நீங்க மேடையில அதத் தொடவேண்டாம். குடும்ப விஷயம் மாதிரி ஆயிடும்.”

ஐயா, உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவள் என் அம்மா வயிற்றில் எனக்குப் பின்னால் பிறந்தவள். அது குடும்ப விஷயம்தான்! அவளை இந்தச் சங்கம் ஒரு தெருவுக்கு அனுப்பியது. அந்தத் தெருவில் ஒரு வீட்டில் ஒன்று நடந்தது. ஆகையால் இது இந்த மண்டபத்தில் இருக்கிற எல்லோருடைய விஷயமும்தான்! அதைத் தொடாமல் சின்ன இலக்கைப் பற்றி நான் என்ன பேச? பூவைப் பற்றியும் புல்லைப் பற்றியுமா பேச?

மணியின்மேல் கை போகிறது. போகட்டும். என் நேரம் இன்னும் மீதியிருக்கிறது.

பிள்ளைகளே, இலக்கே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. உள்ளம் வளர வேண்டுமானால் அன்றாடம் வளர வேண்டும், அங்குலம் அங்குலமாக வளர வேண்டும். உலகத்தையே திருத்துவேன் என்று மார்தட்டுகிறவரைவிட, இன்றைக்கு ஒரு பொய்யையாவது குறைப்பேன் என்று படுக்கையை விட்டு எழுகிறவர் எவ்வளவோ மேல். இது என்னைப் போன்ற சந்தேகப் பிராணிக்கும் புரிகிறது. என் கோபம் இலக்கின்மேல் இல்லை. நாம் தேடிப்பிடித்து வைத்துக்கொள்ளும் இலக்குகளின் லட்சணத்தின்மேல்!

உங்களுக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர். சூரியனுக்கு முன்னால் எழுந்து உரத்த குரலில் பாடித் துதிப்பேன் என்பது அவருடைய சின்ன இலக்கு. எழுந்தார், பாடினார். தெருவே எழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில், இரவுப்பணி முடித்து அப்போதுதான் தலையைச் சாய்த்த ஆண் செவிலியர் ஜன்னலைத் திறந்தார். “அண்ணே, உங்க வளர்ச்சி எனக்குத் தலவலியா இருக்கு!” என்றார். அடுத்த சாட்சி வேளையில் நம் சகோதரர் எழுந்து நின்று அறிவித்தார்: எதிர்ப்புகளுக்கு நடுவே இலக்கு நிறைவேறியது! நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம்.

இன்னொரு சகோதரி. யாரோடு பேசினாலும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்குவேன் என்பது அவர் இலக்கு. தெருமுனையில் ஒருவர் முகம் வெளிறி வந்து, “நேத்து எங்க கடை எரிஞ்சுபோச்சு சிஸ்டர்” என்றார். “ஸ்தோத்திரம்!” என்றார் சகோதரி. அந்த மனிதர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பத்தவச்சது நீங்கதானா?”

சிரிக்கிறீர்கள். அம்மா, அந்தப் பக்கம் நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்துவிட்டு எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள். அந்த இலக்கு அந்தச் சகோதரருடையது, தூக்கம் யாருடையது? இந்த இலக்கு இந்தச் சகோதரியுடையது. எரிந்துபோன கடை யாருடையது? நம்முடைய வளர்ச்சிக்கு உரமாக அடுத்தவர் வாழ்க்கையை அள்ளிப் போடுகிறோமே, இது வளர்ச்சியா? சின்ன இலக்கு, சிரமமில்லாத இலக்கு, சாட்சி சொல்லச் சௌகரியமான இலக்கு! இப்படிப்பட்ட இலக்குகளைத்தான் இந்தச் சங்கம் பாராட்டுகிறது. என் தங்கை வைத்துக்கொண்ட இலக்கு எது? அதைக் கேட்டால், அவளுக்கு ஏன் பார்சல் கட்டும் மேசை என்பது உங்களுக்கே விளங்கும்.

என் தங்கையை எங்கள் வீட்டில் ரேடியோ என்று கூப்பிடுவோம். ஒருமுறை திருகிவிட்டால் நிற்காது. பள்ளிக்கூடத்தில் பேச்சு, படுக்கையில் பேச்சு, பல் விளக்கும்போதும் பேச்சு. மிஷனெரியானபின் அந்தப் பேச்சு ஜெபமாயிற்று. நீண்ட ஜெபம், நிறைந்த ஜெபம், நெஞ்சைத் தொடும் ஜெபம் என்று இந்த மேடையிலேயே அவளைப் புகழ்ந்திருக்கிறார்கள். அவளோடு ஒரே அறையில் தங்கி ஊழியம் செய்பவர் ஒரு மூத்த சகோதரி. நடையைப் பார்த்து ஊரே வைத்த பெயர் மேஜர். அதோ அமர்ந்திருக்கிறார். மேஜர், வணக்கம். நான் சொல்வதில் தவறிருந்தால் அங்கிருந்தே திருத்துங்கள்.

ஒரு சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே அவர்களுடைய அறை. படிக்கட்டில் ஏறினால் கையில் கிரீஸ் ஒட்டும். அடுத்த சந்தில் ஒரு தையல்காரம்மா. முன்னறைதான் கடை; வாசலைப் பார்த்துத் தையல் எந்திரம்; எந்திரத்துக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை; திரைச்சீலைக்குப் பின்னால்தான் குடும்பம், கட்டில், அடுப்பு எல்லாம். அவர் கணவர் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் பெயிண்டர். குடிப்பழக்கம் உண்டு. அதற்காக ஜெபிக்கச் சொல்லித் தையல்காரம்மா முன்பெல்லாம் கேட்டிருக்கிறார்.

ஒரு மதிய வேளை. இருவரும் அந்த வாசலில் போய் நிற்கிறார்கள். தையல்காரம்மா எந்திரத்தை விட்டு எழுந்து பாதி வாசலுக்கு வந்துவிட்டார். “சிஸ்டர், நல்லவேளை வந்தீங்க, அவருக்கு...” என்று தொடங்கினார்.

அவ்வளவுதான். அந்த வாக்கியத்தில் அதற்குமேல் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

“தெரியும்மா, தெரியும். அவருக்காகத்தான் தினமும் மன்றாடுறோம். கண்ண மூடிக்கோங்க” என்றாள் என் தங்கை. மூடினாள். மேஜரும் மூடினார். ரேடியோ திறந்தது. குடிப்பழக்கம் நீங்க ஜெபம். குடும்பச் சமாதானத்துக்கு ஜெபம். அந்தச் சந்துக்காக ஜெபம். சாரத்தில் ஏறி வர்ணம் அடிக்கும் எல்லாத் தொழிலாளர்களுக்காகவும் ஜெபம். நடுவில் திரைச்சீலைக்குப் பின்னால் ஏதோ உருண்டு விழுந்தது. ஒரு செம்பு. இடைஞ்சல் என்று நினைத்து என் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? குரலை உயர்த்தினாள்! மேஜர் என்ன செய்தார்? ஆமென் ஆமென் என்று பக்கவாத்தியம் வாசித்தார்!

ஜெபம் முடிந்தது. கண் திறந்தது. தையல்காரம்மா ஒரு கையால் திரைச்சீலையைப் பிடித்தபடி, தலைகுனிந்து, மரியாதையோடு நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஜெபம் மனத்தைத் தொட்டுவிட்டது என்று நினைத்தாளாம் என் தங்கை. அப்புறம் அந்த அம்மாள் திரையை விலக்கினார்.

பெயிண்டர் தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வேலைக்குப் போனவர் தலை சுற்றுகிறது, கை மரத்துப்போகிறது என்று பாதியில் திரும்பிவந்து படுத்திருக்கிறார். அதைச் சொல்லி ஆள் கூப்பிடத்தான் அந்த அம்மாள் வாசலுக்கு ஓடிவந்தார். வாசலில் நாம் நின்றோம். கண்ணை மூடிக்கொண்டு நின்றோம்!

சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்தார். சரக்கு வண்டி ஒன்றை மறித்து ஏற்றினார்கள். உயிர் பிழைத்தது. வலது கை பிழைக்கவில்லை. பெயிண்டருக்கு வலது கை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. ஜெபம் குறுக்கே வராமல் இருந்தால் அந்தக் கை தப்பியிருக்குமா? தெரியாது. மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. “முன்னாடியே வந்திருக்கலாம்” என்றார், அவ்வளவுதான். அந்தத் தெரியாததுதான் என் தங்கையைத் தின்றுகொண்டிருக்கிறது.

மருத்துவமனை வராந்தாவில் அவள் தையல்காரம்மாவைக் கேட்டிருக்கிறாள்: “ஏம்மா நடுவுல என்னக் கூப்பிடல? தோளப் பிடிச்சு உலுக்கியிருக்கலாமே!”

அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். பிள்ளைகளே, நாளை எந்த வாசலில் நின்றாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். “கும்பிடுறவங்கள நடுவுல கூப்பிடக் கூடாதேன்னு நின்னேன் சிஸ்டர்.”

மரியாதைக்காக நின்றார்! நாம் அவரை மதிக்காத நேரத்தில் அவர் நம்மை மதித்துக்கொண்டு நின்றார்! அவருடைய வீட்டுக்காரர் செம்பைத் தட்டிவிட்டு விழுந்த சத்தத்தை நாம் இடைஞ்சல் என்று எண்ணினோம். அவரோ நம் சத்தத்தைப் புனிதம் என்று எண்ணினார். சொல்லுங்கள், அந்த வாசலில் உண்மையில் ஜெபித்துக்கொண்டிருந்தது யார்?

அடுத்த ஊழியப் பருவத்துக்கு, நம் சங்க வழக்கப்படி, என் தங்கை ஒரு சின்ன இலக்கு வைத்துக்கொண்டாள். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை கண்ணை மூடமாட்டேன். அவ்வளவுதான். இந்த மேடையில் நின்று அவள் அதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். “ரேடியோவ அமத்துறது சின்ன வேலையா?” என்று மேஜர்கூடக் கிண்டல் செய்தாராம். தலையாட்டுகிறார், பாருங்கள்.

சின்ன வேலை இல்லை. அந்தத் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறவர் ஒருவர். இவர்கள் தூரத்தில் வருவதைக் கண்டாலே, வெட்டிய மயிரையெல்லாம் வாசலை நோக்கிக் கூட்டித் தள்ளுவார். ஒருநாள் இருவரும் உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாற்காலியில் ஒருவர், பாதி மீசை போயிருந்தது.

“என்ன சிஸ்டர், இன்னிக்குக் கண்ண மூடலியா?” என்றார் கடைக்காரர்.

“இல்லண்ணே.”

“கண்ணுல ஏதும் கோளாறா?”

“காதுலதான் இருந்துது. இப்பப் பரவாயில்ல.”

அவ்வளவுதான், மனிதர் பேசத் தொடங்கினார். கடவுள் இல்லை என்பதற்கு ஆதாரம், இருந்தால் அவர்மேல் தனக்குள்ள புகார்கள், மருமகளோடு சண்டை, முழங்கால் வலி. கத்தரிக்கோல் காற்றில் நின்றது. நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியைப் பார்த்துக் கெஞ்சினார்: “அண்ணே, மீதி மீசைய என்ன பண்றதா உத்தேசம்?” “இருப்பா, மொதல்முறையா ஒருத்தங்க கேக்குறாங்க” என்றார் கடைக்காரர். எல்லாம் கொட்டித் தீர்த்தபின் என் தங்கையைப் பார்த்து, “சரி, இப்ப உங்க வேலையப் பாருங்க. சின்னதா, முழங்காலுக்கு மட்டும்” என்றார். அவள் ஜெபித்தாள். ஒரே ஒரு வாக்கியம். பிறந்ததிலிருந்து அவள் ஒரு வாக்கியத்தோடு எதையும் நிறுத்தி நான் கேள்விப்பட்டதில்லை!

ஆனால் அந்த இலக்கின் உண்மையான வாசல் முடிதிருத்தும் கடை இல்லை. தையல்காரம்மாவின் கடை.

அவள் அங்கே போனாள். தையல்காரம்மா ஏறிட்டுப் பார்க்கவில்லை. எந்திரத்தை மிதித்துக்கொண்டே இருந்தார். இவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எந்திரம் ஓடியது. மறுநாளும் போனாள், எந்திரம் ஓடியது. திரைச்சீலைக்குப் பின்னால் பெயிண்டர் இடது கையால் சாப்பிடப் பழகும் சத்தம் மட்டும் கேட்கும். ஸ்பூன் தட்டில் இடறும், விழும், மறுபடி எடுப்பார். “வாடி போகலாம், அவங்களுக்கு நம்மளப் பிடிக்கல” என்று மேஜர் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். “பேசி முடிக்கலியேக்கா” என்றாளாம் இவள். “இன்னும் தொடங்கவே இல்லயே!” என்றாராம் மேஜர்.

பிறகொரு நாள் ஊசி முறிந்து எந்திரம் நின்றது. தையல்காரம்மா நிமிர்ந்தார். திட்டத் தொடங்கினார்.

ஆறுதல் கேட்டார் என்று நினைத்தீர்களா? அழுது தோளில் சாய்ந்தார் என்று எதிர்பார்த்தீர்களா? அப்படி நடந்திருந்தால் அது நம் சங்கத்தின் பத்திரிகையில் படத்தோடு வந்திருக்கும். இல்லை அம்மா, திட்டினார்! “குடிகாரன் குடிகாரன்னு உங்க கடவுள்கிட்ட அத்தன சத்தமாச் சொன்னீங்களே, அன்னிக்கு அவர் குடிக்கவே இல்ல! அத நான் சொல்ல வந்தேன், விட்டீங்களா? உள்ள விழுந்து கெடந்தவர் காதுல கடைசியா விழுந்தது உங்க குரல்தான். இப்பவும் கேக்குறார், அந்த சிஸ்டர் ஏன் என்ன அப்படிச் சொல்லிச்சுன்னு. நான் என்ன பதில் சொல்ல? நீங்க நல்லவங்கன்னு நெனச்சுத்தான் நின்னேன். அதான் எனக்கு ஆத்திரம். கெட்டவங்களா இருந்தா அன்னிக்கே தள்ளிவிட்டுட்டு ஓடியிருப்பேன்!”

வாயில் ஜெபம் வந்து நின்றதாம் என் தங்கைக்கு. மன்னியும் ஆண்டவரே என்று தொடங்கிவிட்டால் போதும். அந்தப் பேச்சு நின்றிருக்கும், அந்த அம்மாள் மறுபடியும் மரியாதையாகத் தலைகுனிந்திருப்பார், இவளுக்கும் மனம் லேசாகியிருக்கும். எவ்வளவு சுலபம்! எவ்வளவு சுகம்! விழுங்கினாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தனை வசவையும் வாங்கினாள். மாலைவரை திட்டிவிட்டு, முறிந்த ஊசியைக் கழற்றிக்கொண்டே தையல்காரம்மா கேட்டார்: “நாளைக்கு வருவீங்களா? இன்னும் இருக்கு.”

இன்னும் இருக்கு! தினமும் மதியம் என் தங்கை அந்த முக்காலியில் போய் உட்காருகிறாள். ஒரு பெண் தன் வாக்கியத்தை முடித்துக்கொண்டிருக்கிறாள். பாதியில் நாம் அறுத்த வாக்கியம்! அந்தப் பெயிண்டர் இன்னும் திரைக்கு இந்தப் பக்கம் வரவில்லை. வந்தால் அவருக்கும் சொல்ல இருக்கும். இதைவிட எளிய இலக்கு உண்டா? இதைவிடக் கடினமான இலக்கு உண்டா? நான் நம்பிக்கையில் நொண்டுகிறவள். ஜெபம் எங்கே போய்ச் சேர்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் தங்கை வளர்ந்திருக்கிறாள். அதை நான் பார்த்தேன். விடுமுறைக்கு வந்தவள் சாப்பாட்டு மேசையில் என்னிடம் முதல்முறையாக, “உனக்கு எப்படியிருக்கு அக்கா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

இந்த வளர்ச்சியைத்தான் மேற்பார்வையாளர் போய்ப் பார்த்தார். மேஜர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தவறிருந்தால் ஐயா மறுக்கலாம்.

“ஜெபம் குறைஞ்சுபோச்சேம்மா” என்றார்.

“குறைக்கல ஐயா. தள்ளி வச்சிருக்கேன். அவங்க பேசி முடிக்கட்டும்.”

“ஜெபத்தத் தள்ளி வைக்கிறது ஆவிக்குரிய வளர்ச்சியா? எல்லாருக்கும் நாங்களே ஒரு இலக்கு கொடுத்திருக்கோமே, தினமும் ஒரு புது வாசல்னு. அத எடுத்துக்கோ. ஏன் ஒரே வீட்டுலயே போய் உக்காந்திருக்க?”

“அந்த வாசல்ல இன்னும் வேல முடியல ஐயா.”

“திட்டு வாங்குறது ஒரு வேலயா?”

“எனக்கு அதுதான் வேல ஐயா.”

அடங்காதவள்! ஆகவே தீர்மானம். ஆகவே பார்சல். தினமும் ஒரு புது வாசல்! கேட்கச் சின்னதாக, இனிமையாக இருக்கிறது. பழைய வாசலில் நாம் விட்டுவந்தது என்ன என்று திரும்பிப் பார்க்காமல் இருக்க இதைவிட வசதியான இலக்கை எந்த மூளை கண்டுபிடிக்கும்?

என்ன ஐயா? அங்கே, தூண் பக்கத்தில், எழுந்து நிற்பவர். சத்தமாகச் சொல்லுங்கள். “தங்கச்சிக்காகப் பேசுறீங்க!” ஆமாம் ஐயா, தங்கைக்காகத்தான் பேசுகிறேன்! அவளுக்கு இன்று இந்த மேடையில் பேச நேரம் ஒதுக்கப்படவில்லை. அவள் கூடவே வாழ்ந்து கண்ணால் கண்ட மேஜருக்கும் ஒதுக்கப்படவில்லை. எனக்குத்தான் ஒதுக்கினீர்கள். யாருக்காகப் பேசுவேன் என்று எதிர்பார்த்தீர்கள்? ஆனால் அவளுக்காக மட்டும் பேசவில்லை. அவளுக்குப் பார்சல் கட்டினாலும் சோறு கிடைக்கும். அந்தச் சந்தில் நாளை மதியம் ஒரு முக்காலி காலியாக இருக்கும். தையல்காரம்மா வாசலைப் பார்ப்பார். மறுபடியும் நடுவில் போய்விட்டார்கள் என்று நினைப்பார். சரியாகத்தானே நினைப்பார்? அந்த அம்மாள் இன்னும் பேசி முடிக்கவில்லை ஐயா! பேசி முடிக்கவில்லை!

உட்காருங்கள், நன்றி. மணி அடித்துவிட்டது, கேட்டது. முடிக்கப்போகிறேன்.

தாய்மார்களே, மூப்பர்களே, நம் சங்கத்தில் கைதூக்கி வாக்களிக்கும் வழக்கம் இல்லை. உங்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். செயலாளர் தீர்மானத்தை வாசிப்பார். தலைவர் ஐயா, “கண்களை மூடி இதை ஒப்புக்கொடுப்போம்” என்பார். நாம் மூடுவோம். உருக்கமாக ஒரு ஜெபம் நடக்கும். அதன் முடிவில் மண்டபமே ஆமென் என்னும். அந்த ஆமென்தான் வாக்கு. ஆமென் சொன்னால் தீர்மானம் நிறைவேறியது. இத்தனை ஆண்டுகளில் ஒரு தீர்மானமாவது தோற்றதுண்டா? எப்படித் தோற்கும்? ஜெபத்தின் முடிவில் எழுந்து நின்று ‘இல்லை’ என்று சொல்லும் நெஞ்சுரம் எவருக்கு இருக்கிறது? கும்பிடுகிறவர்களை நடுவில் கூப்பிடக் கூடாது என்று நாம் எல்லோரும் அல்லவா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்! உள்ளே ஒன்று உருண்டு விழுந்தாலும் நிற்கிறோம்! உங்கள் மரியாதையை உங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்கிறார்கள் அம்மா. அது எத்தனை வருடமாக நடக்கிறது, எத்தனை பேரை அது வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது, யோசித்துப் பாருங்கள்!

புறப்படப்போகும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு சின்ன இலக்கு கொடுக்கச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். கொடுக்கிறேன். நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே, இன்னும் சற்று நேரத்தில். தீர்மானத்துக்கான ஜெபம் தொடங்கும்போது கண்ணை மூடாதீர்கள். அதோ, ஜன்னலோரம், நீலச் சேலையில் ஒருத்தி தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, அவள் முகத்தைப் பாருங்கள். ஜெபம் முடியும்போது, மனத்துக்கு ஒப்பினால், தாராளமாக ஆமென் சொல்லுங்கள். நான் உங்கள்மேல் வருத்தப்பட மாட்டேன். ஒப்பவில்லையென்றால் எழுந்து நிற்க வேண்டாம், கூச்சல் போட வேண்டாம், எவரையும் எதிர்க்க வேண்டாம். சும்மா இருங்கள். வாயைத் திறக்காமல் சும்மா இருங்கள். இந்த மண்டபம் முழுவதும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, சும்மா இருக்கட்டும். மூப்பர்களே, முன்வரிசையில் தொடங்குங்கள். தாய்மார்களே, நீங்கள் வழிகாட்டுங்கள். பின்கட்டுச் சகோதரிகளே, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வாருங்கள். நீங்களும் இந்தச் சபைதான்!

என் நேரத்தைத் தாண்டிப் பேசிவிட்டேன். பொறுத்துக்கொண்ட தலைவர் ஐயாவுக்கு என் நன்றி. அது சம்பிரதாய நன்றி இல்லை. இடையில் மறுத்துக் குரல்கொடுத்த ஐயாவுக்கு, மனத்தில் பட்டதை உரக்கச் சொன்னதற்காக இரட்டை நன்றி. குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டே கேட்ட அம்மாவுக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சிரிக்கக் கூடாத இடத்தில் நிறுத்திக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியும் வணக்கமும்.

செயலாளர் அவர்களே, தீர்மானத்தை வாசியுங்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.